நானுஓயாச் சரிவுகளும் கனிப்பொருள் தேட்டமும்

மலைநாட்டில் பாதைக்காக வெட்டப்பட்ட சரிவொன்றை நோக்கின், பாறையின் வரிகள் சிதையாதிருப்பதையும், அதே பாறை விரல் பட்டதும் உதிர்வதையும் காணலாம். வானிலையாலழிதலின் விளைவு இது. மழைநீர் கல்சியத்தையும் சோடியத்தையும் கரைத்துச் செல்ல, அலுமினியமும் இரும்பும் எஞ்சுகின்றன. சேர்க்கன் போன்ற உறுதியான மணிகள் அழியாது தங்குகின்றன. இத்தகைய நிலத்தில் தாதுப்பாறை கண்ணுக்குப் புலப்படுவது அரிது. மண்ணிலும் ஓடைப் படிவிலும் சுவடளவாய் எஞ்சிய உலோகங்களை அளந்தே அதனைத் தேடவேண்டும். 1930களில் சோவியத் நாட்டில் ஒழுங்குபெற்ற இம்முறையே புவியிரசாயனத் தேட்டம் எனப்படுவது.

ஆயின் அதன் முன்வரலாற்றை ஆய்வுகூடத்திலன்றி ஆற்றங்கரையிலேயே நாம் தேடவேண்டும். நுவரெலியாச் சமவெளியில் பழைய இரத்தினக் குழிகள் இருந்தமையைச் சாமுவேல் பேக்கர் 1855இல் வெளியான தமது நூலிற் பதிவுசெய்துள்ளார். குழி தோண்டியோர் பாறையைத் தேடவில்லை. பாறை அழிந்தபின் எஞ்சிய ‘இல்லம்’ என்னும் சரளைப்படையையே தேடினர். 1903இல் கனிப்பொருள் அளவைப் பகுதியின் முதற் பணிப்பாளரான ஆனந்த குமாரசுவாமியின் ஆய்வும் இவ்வழியே சென்றது. பலாங்கொடைப் பகுதிச் சரளையிற் கிடைத்த, முதலில் யுரேனியக் கனிப்பொருளெனக் கருதப்பட்ட கருநிற மணிகள், 1904இல் இலண்டனிற் பகுக்கப்பட்டுத் தோரியனைற்று எனப் பெயர்பெற்றன. கலை வரலாற்றாசிரியராக மட்டும் அவரை நினைவுகூர்வோர் இதனை மறந்துவிடுகின்றனர்.

1885இல் புகையிரதம் எட்டிய நானுஓயாவைச் சூழ்ந்த தேயிலைச் சரிவுகளில் இம்முறையைக் கையாளும்போது வேறொரு வினா எழுகின்றது. ஓடைப் படிவிற் செப்பு மிகுந்து காணப்படின் அது மலைக்குரியதா, மனிதனுக்குரியதா? 1946இல் இலங்கையை அடைந்த கொப்புள நோய்க்கெதிராகத் தேயிலைக்குச் செப்புச் சேர்வைகள் தெளிக்கப்பட்டன. நாகச் சல்பேற்றும் தெளிக்கப்பட்டது. தெளிகருவியைத் தோளிற் சுமந்தோர் தோட்டத் தொழிலாளர்; 1948ஆம் ஆண்டுச் சட்டம் குடியுரிமையை மறுத்ததும் அவர்களுக்கே. எனவே செப்பின் மிகையைத் தாதுவின் அறிகுறியெனக் கொள்ளுமுன், எந்த மலையில் எந்த ஆண்டு முதல் மருந்து தெளிக்கப்பட்டது என்பதை அறிதல் வேண்டும். தோட்டக் கணக்கேடுகளும் முதிய தொழிலாளரின் நினைவுகளும் இங்கு புவிச்சரிதவியலுக்குச் சான்றாகின்றன.

அரிப்பும் இச்சிக்கலைப் பெருக்குகின்றது. படிகக்கல் மணிகளிற் சேர்ந்த அண்டக்கதிர்ச் சமதானிகளை அளந்து, மேல் மகாவலி வடிநிலம் பற்றி 2003இல் வெளியான ஆய்வு, இயற்கை அரிப்பு ஆண்டுக்குச் சதுர கிலோமீற்றருக்கு 13 முதல் 30 தொன் வரையே எனக் கணித்தது. பயிர்செய் நிலங்களில் மண் இழப்பு இதனிலும் பன்மடங்கு மிகுந்திருந்தது. ஆகவே ஓடை இன்று சுமப்பது பெரும்பாலும் மேற்படையின் மண்ணையே. ஆழத்துப் பாறையின் செய்தி அதனுள் ஐதாகிவிடுகின்றது. நானுஓயா கொத்மலை ஓயாவைச் சேர்கின்றது; அம்மண்ணின் ஒரு பகுதி 1985இல் திறக்கப்பட்ட கொத்மலை நீர்த்தேக்கத்தின் அடியிற் படிந்து வருகின்றது.