துப்புக்கூலி

மதுரையின் இரவைப் பாடும் மதுரைக்காஞ்சியில் கள்வரும் ஊர்க்காவலரும் அடுத்தடுத்து வருகின்றனர். நூலறிவும் நுண்ணிய தேர்ச்சியும் உடையவர்களாய், மழை பெய்யும் நள்ளிரவிலும் சோம்பாமல் தெருவில் நடப்பவர்களாய் அக்காவலரைப் புலவர் காட்டுகிறார். பிற்கால மதுரைச் சீமையில் இவ்விரு வேடங்களையும் ஒரே சமூகத்தின் மீது வரலாறு ஏற்றி வைத்தது.

பிரமலைக் கள்ளர் பல ஊர்களுக்குக் காவல்காரர்களாக இருந்தனர். விளைச்சலில் ஒரு பங்கு அவர்களுக்கு உரியது. அதற்கு ஈடாக, ஊரில் மாடோ தானியமோ களவு போனால் அவர்களே மீட்டுத் தரவேண்டும். இயலாவிடில் இழப்பை ஈடுசெய்ய வேண்டும். களவு போன மாட்டின் இருப்பிடத்தைச் சொல்லி மீட்டுத் தருவதற்குப் பெறும் தொகை துப்புக்கூலி எனப்பட்டது. இதில் சூதும் இருந்தது. காவல் கூலி தராத ஊரில் களவு மிகும். துப்புச் சொல்பவனே மாட்டை ஓட்டியவனாகவும் இருக்கலாம். இம்முறையைப் பொற்காலமாக்கிப் பேசுவோருடன் எனக்கு உடன்பாடில்லை. ஆயினும் அதில் ஓர் அரிய கூறு உண்டு: களவு நடந்தால் நட்டம் காவல்காரனுக்கு. பின்னர் வந்த எந்தக் காவல் நிலையமும் அப்பொறுப்பை ஏற்றதில்லை.

ஆங்கிலேயர் 1816ஆம் ஆண்டு ஒழுங்குமுறையால் கிராமக் காவலை ஊர்த்தலைவர், தலையாரி வழியாகத் தம் ஆளுகைக்குள் கொண்டுவந்தனர். 1859இல் போலீஸ் சட்டம் வந்தது. பழைய காவல் உரிமை அரசின் பார்வையில் மிரட்டிப் பறிப்பதாயிற்று. ஆனால் ஊர்களில் அது தொடர்ந்தது. 1896இல் திண்டுக்கல் வட்டாரக் குடியானவர்கள் பொதுநிதி ஒன்று திரட்டி, களவு போன மாடுகளுக்கு அதிலிருந்து ஈடு கொடுப்பதென்றும், கள்ளர் காவலை நீக்குவதென்றும் முடிவெடுத்தனர். அதுவரை நியாயமான ஏற்பாடுதான். ஆனால் அது அத்துடன் நிற்கவில்லை. கள்ளர் வீடுகள் கொளுத்தப்பட்டன. குடும்பங்கள் ஊரைவிட்டு ஓடின. பாதுகாப்பு வேண்டி எழுந்தவர்களே தீப்பந்தம் ஏந்தினர்.

அடுத்து அரசு கைக்கொண்ட வழி இதனினும் கொடியது. 1911ஆம் ஆண்டுக் குற்றப் பரம்பரைச் சட்டம் சென்னை மாகாணத்திற்கும் பொருந்தியது. குற்றம் செய்தவனைத் தேடும் வேலை போய், பிறந்த குலத்தைப் பதிவேட்டில் எழுதும் வேலை வந்தது. பெருவிரல் ரேகை வைக்க வேண்டும். ஊரைவிட்டுச் செல்ல அனுமதி பெறவேண்டும். இரவில் காவல் நிலையத்திலோ ஊர்த்தலைவர் முன்னிலையிலோ இருப்பைக் காட்டவேண்டும். ஒரு காலத்தில் ஊர் உறங்குவதற்காக விழித்திருந்தவர்களின் பேரப்பிள்ளைகள், தம் வீட்டில் உறங்கும் உரிமையை இழந்தனர்.

உசிலம்பட்டிக்கு அருகிலுள்ள பெருங்காமநல்லூர் மக்கள் ரேகை வைக்க மறுத்தனர். 1920 ஏப்ரல் 3 அன்று போலீசார் சுட்டதில் 16 பேர் மாண்டனர். அவர்களுள் மாயக்காள் என்ற பெண்ணும் ஒருவர். சென்னை மாகாணத்தில் அச்சட்டம் 1947இல்தான் நீக்கப்பட்டது. அந்த 16 பேருக்கும் அவ்வூரில் ஒரு நினைவுத்தூண் எழுப்பப்பட்டுள்ளது.