காவலில் உள்ளோருக்கான மருத்துவப் பரிசோதனை (இந்தியா)

கைது செய்யப்பட்டவரின் உடல்நிலையையும் காயங்களையும் மருத்துவர் பார்த்துப் பதிவு செய்ய வேண்டும் என்ற சட்டக் கடமை. லாக்கப்பில் நடந்ததற்கு வெளியாள் சாட்சி கிடைப்பது அரிது. அதனால் பல வழக்குகளில் இந்தப் பதிவே முதல் தடயமாகிறது.

இதன் முன்கதை சென்னை மாகாணத்தில் இருக்கிறது. வரி வசூலும் போலீஸ் வேலையும் ஒரே ஆட்களின் கையில் இருந்த காலத்தில் குடிகள் சித்திரவதைக்கு ஆளானதை, 1855-இல் வெளியான சித்திரவதை விசாரணைக் குழுவின் அறிக்கை உறுதிசெய்தது. கையை நெரிக்கும் கிட்டியைப் பற்றியும் அதில் குறிப்பு உண்டு. 1859-இல் மாகாணத்துக்குத் தனிப் போலீஸ் சட்டம் வந்தது. போலீஸ் அதிகாரியிடம் தந்த ஒப்புதல் வாக்குமூலம் செல்லாது என்ற விதி, 1872-ஆம் ஆண்டு சாட்சியச் சட்டத்தின் 25-ஆம் பிரிவில் இடம்பெற்றது. அடிபட்டவரின் உடல்நலத்தைப் பற்றி அந்த விதி எதுவும் சொல்லவில்லை.

மருத்துவரைச் சட்டம் அழைத்தது 1973-ஆம் ஆண்டு குற்றவியல் நடைமுறைச் சட்டத்தில். அதிலும் 53-ஆம் பிரிவு போலீஸ் கேட்டால் பரிசோதனை, 54-ஆம் பிரிவு கைதானவர் கேட்டால் பரிசோதனை. முன்னதற்குத் தேவையான அளவு பலத்தைப் பயன்படுத்தலாம். பின்னதை, தாமதப்படுத்தும் நோக்கம் என்று கருதினால் மாஜிஸ்திரேட் மறுக்கலாம். இப்படி ஓர் உரிமை இருப்பதே பலருக்குத் தெரியாததால், அதை மாஜிஸ்திரேட்டே எடுத்துச் சொல்ல வேண்டும் என்று ஷீலா பர்சே வழக்கில் (1983) உச்ச நீதிமன்றம் பணித்தது.

மேற்கு வங்கச் சட்ட உதவி அமைப்பொன்றின் செயல் தலைவர் டி.கே. பாசு, லாக்கப் மரணங்கள் குறித்து 1986-இல் தலைமை நீதிபதிக்கு எழுதிய கடிதம் ரிட் மனுவாக ஏற்கப்பட்டது. 1996 டிசம்பரில் வந்த தீர்ப்பு 11 கட்டளைகளை விதித்தது. காவலில் இருப்பவரை 48 மணி நேரத்துக்கு ஒருமுறை மருத்துவர் பரிசோதிக்க வேண்டும் என்பது அவற்றில் ஒன்று.

குற்றவியல் நடைமுறைச் சட்டத்தில் வந்த திருத்தத்தால், 2009 டிசம்பர் 31 முதல், கேட்டாலும் கேட்காவிட்டாலும் கைதான உடனே பரிசோதனை கட்டாயமானது. காயங்களோடு அவை ஏற்பட்ட உத்தேச நேரத்தையும் மருத்துவர் எழுத வேண்டும். நகல் கைதானவருக்குத் தரப்பட வேண்டும். பெண்களைப் பெண் மருத்துவரோ, அவரது மேற்பார்வையில் மற்றவரோதான் பரிசோதிக்க வேண்டும். கைதானவரின் உடல்நலமும் பாதுகாப்பும் காவலில் வைத்திருப்பவரின் பொறுப்பு என்று அதே சட்டத்தின் 55ஏ பிரிவு வெளிப்படையாகச் சொன்னது. தமிழ்நாட்டில் ‘பாத்ரூமில் வழுக்கி விழுந்தவர்’ என்று போலீஸ் சொல்லும் கைதி மாவுக்கட்டோடு படத்தில் நிற்பது கேலிச் செய்தியாகிவிட்டது. உண்மையில் அந்த எலும்பு எப்போது முறிந்தது என்பது மருத்துவர் எழுதியாக வேண்டிய விவரம்.

எழுதும் கை தளர்ந்தால் சட்டம் என்னவாகும் என்பதற்குச் சாத்தான்குளம் சாட்சி. 2020 ஜூனில் அங்கே கைதான தந்தையும் மகனும், மருத்துவரின் தகுதிச் சான்றும் ரிமாண்டு உத்தரவும் பெற்றே கோவில்பட்டி கிளைச் சிறைக்கு அனுப்பப்பட்டார்கள். சில நாள்களில் இருவரும் இறந்தார்கள். உயர் நீதிமன்ற மதுரைக் கிளை தானாகவே வழக்கை எடுத்தது. தடயங்களைக் காக்க அந்தக் காவல் நிலையத்தையே வருவாய்த் துறையின் கட்டுப்பாட்டில் வைக்கச் சொன்னது. அதே ஆண்டு டிசம்பரில், நாட்டின் எல்லாக் காவல் நிலையங்களிலும் ஒலியும் பதிவாகும் சிசிடிவி கேமராக்களை வைக்க உச்ச நீதிமன்றம் உத்தரவிட்டது.

குற்றவியல் நடைமுறைச் சட்டத்துக்குப் பதிலாக 2024 ஜூலை 1-இல் நடைமுறைக்கு வந்த பாரதிய நாகரிக் சுரக்ஷா சன்ஹிதாவில் இந்தக் கடமைகள் 53, 56 ஆகிய பிரிவுகளில் தொடர்கின்றன. தேவை என்று கருதினால் மருத்துவர் மறுபரிசோதனை செய்யலாம் என்பது புதிய சேர்க்கை. ஆனால் 15 நாள் போலீஸ் காவலை, வழக்கின் தன்மைக்கேற்ப முதல் 40 அல்லது 60 நாள்களுக்குள் பகுதி பகுதியாகவும் கேட்க அதே சட்டம் இடம் தருகிறது. பாசு தீர்ப்பின் 48 மணி நேர விதியோ இன்னும் சட்டப் பிரிவாக எழுதப்படவில்லை.