நந்தவனத்தில் பழகிய மனம்

தோட்ட வேலையால் மனம் ஒருமைப்படும் என்பதை இன்று புதிய கண்டுபிடிப்புபோலப் பேசுகிறோம். தமிழ்நாட்டுக் கோயில் நந்தவனங்களோ அதை எப்போதோ அறிந்திருந்தன. 7ஆம் நூற்றாண்டுத் திருநாவுக்கரசரைச் சிற்பிகள் தோளில் உழவாரத்தோடு வடித்தார்கள். புல் செதுக்கும் கருவியே அந்தப் பெருங்கவிஞருக்கு அடையாளமானது. திருவரங்கத்தில் நந்தவனம் வளர்த்த தொண்டரடிப்பொடியாழ்வாருக்குப் பூக்குடலை. திருப்புகலூர் முருக நாயனாரை 12ஆம் நூற்றாண்டில் சேக்கிழார் இன்னும் அருகில் காட்டுகிறார். விடியுமுன் நீராடி, மலரப்போகும் பூக்களைக் கொய்து, கோட்டுப்பூ, கொடிப்பூ, நீர்ப்பூ, நிலப்பூ எனத் தனித்தனிக் கூடைகளில் இட்டு, இண்டையும் கோவையுமாகத் தொடுக்கிறார்; நாவில் ஐந்தெழுத்து. கை வேலையும் மன ஒருமையும் இங்கே ஒரே செயல்.

இது அடியார் கதை, உண்மையில் நந்தவனத்தைக் காத்தவர்கள் கூலியாட்கள்தானே என்று கேட்கலாம். நியாயமான கேள்வி. நந்தவனத்துக்கு நிலமும், அதில் உழைப்பவர்களுக்கு நெல்லும் ஒதுக்கியதைச் சோழர் கல்வெட்டுகளே சொல்கின்றன. கல்வெட்டு கூலியை அளந்தது; மனத்தை அளக்க அதற்கு வழியில்லை. ஆனால் வேலையின் இயல்பு கூலியால் மாறுவதில்லை. முற்றாத அரும்பைக் கிள்ளினால் விரியாது. நார் இறுகினால் காம்பு அறும், தளர்ந்தால் பூ நழுவும். கவனம் சிதறியவர் கையில் மாலை உருவாகாது. இன்னொரு மறுப்பு வலுவானது: அவர்கள் தேடியது மன அமைதியை அல்ல, இறைவனை. உண்மைதான். முருக நாயனாருக்கு அமைதி குறிக்கோள் அல்ல. பொழுது புலர்வதற்குள் கூடை நிறைய வேண்டும், அவ்வளவே.