மலாயா உத்தியோகமும் யாழ்ப்பாணக் குடும்பமும்

பத்தொன்பதாம் நூற்றாண்டின் இறுதிக் காலந் தொடக்கம் யாழ்ப்பாணக் குடாநாட்டிலிருந்து மலாயாவுக்கு உத்தியோகம் நாடிச் சென்ற இளைஞரைப் பற்றி இருவகை விளக்கங்கள் கூறப்பட்டு வந்துள்ளன. அவர்களது முயற்சியையும் சிக்கனத்தையும் குடும்பப் பொறுப்புணர்வையும் போற்றுவது ஒன்று. வளங்குன்றிய மண்ணே அவர்களைக் கடல் கடக்கச் செய்தது என்பது மற்றொன்று. முன்னையது தனிமனிதனைக் காரணமாக்குகின்றது. பின்னையது பொருளாதாரத்தைக் காரணமாக்குகின்றது. ஆயின் இவ்விரண்டும் ஒன்றையொன்று சந்தித்த இடம் குடும்பமாகும். அதன் சொத்துரிமை முறையை நோக்காதவிடத்து இரு விளக்கங்களும் குறையுடையனவே.

குடாநாடு ஆறுகளற்ற சுண்ணக்கற் பிரதேசம். நெற்செய்கை மழையை நம்பியது. தோட்டச் செய்கை கிணற்றையும் துலாவையும் நம்பியது. பிரதான பணப்பயிராகிய புகையிலையோ திருவிதாங்கூர் முதலான வெளிச் சந்தைகளைச் சார்ந்திருந்தது. இருந்த காணியும் சீதனமாகவும் முதுசமாகவும் தலைமுறைதோறும் துண்டாடப்பட்டது. ஆகவே, நிலத்தை மட்டும் நம்பி ஒரு குடும்பம் தன் நிலையைப் பேணுதல் வரவரக் கடினமாயிற்று.

இதற்கு மாற்றுவழியாக அமைந்தது ஆங்கிலக் கல்வி. 1816இல் யாழ்ப்பாணம் வந்த அமெரிக்க மிசனரிமார் 1823இல் வட்டுக்கோட்டையில் செமினரியை நிறுவினர். 1857இல் தோன்றிய சென்னைப் பல்கலைக்கழகத்தின் முதற் பட்டதாரிகளான சி. வை. தாமோதரம்பிள்ளை, கறல் விசுவநாதபிள்ளை ஆகிய இருவரும் அச்செமினரியிற் கற்றவர்களே. பின்னர் மிசன் பாடசாலைகளும் சைவப் பாடசாலைகளும் பெருகின. எனினும் கற்றோர் அனைவருக்கும் உத்தியோகம் வழங்க இலங்கை அரசாங்க சேவை போதுமானதாயிருக்கவில்லை. ‘கோழி மேய்த்தாலும் கோறணமேந்தில் மேய்க்க வேண்டும்’ என்னும் யாழ்ப்பாணப் பழமொழி அக்கால மனப்பாங்கை நன்கு உணர்த்துகின்றது.

1885இல் தைப்பிங்குக்கும் போட் வெல்டுக்கும் இடையே மலாயாவின் முதற் புகையிரதப் பாதை திறக்கப்பட்டது. 1896இல் மலாய் ஐக்கிய அரசுகள் அமைக்கப்பட்டதும் நிர்வாகம் விரிவடைந்தது. இலிகிதர், புகையிரத நிலைய அதிபர், நில அளவைத் திணைக்கள ஊழியர் எனப் பலர் தேவைப்பட்டனர். ஆங்கிலமறிந்த யாழ்ப்பாண இளைஞர் இவ்விடங்களைப் பெருமளவில் நிரப்பினர். மாதச் சம்பளமும் முதுமையில் ஓய்வூதியமும் தோட்டக்காரன் ஒருவன் எதிர்பார்க்க முடியாத உறுதிப்பாட்டை அளித்தன.

ஆயின், அச்சம்பளம் யாருக்குரியது என்பதே ஆராயற்பாலது. ஒல்லாந்தர் ஆட்சியில் கிளாஸ் ஐசாக்ஸ் என்பவர் 1706இல் தொகுத்த தேசவழமை ஆங்கிலேயரால் 1806இல் சட்டவலுப் பெற்றது. மணமாகாத மகன் உழைத்த பொருள் பெற்றோரின் பொதுச் சொத்தைச் சேரவேண்டுமென அது விதித்தது. பெண்மக்களுக்குரிய சீதனமும் அப்பொதுச் சொத்திலிருந்தே கொடுக்கப்பட்டது. ஆதலால், சகோதரிமார் கரைசேரும்வரை தன் திருமணத்தைப் பிற்போட்ட தமையனின் செயல் வெறும் பாசத்தின் பாற்பட்டதன்று. வழமையே அதற்கு வடிவங் கொடுத்திருந்தது. 1911ஆம் ஆண்டின் யாழ்ப்பாணத் திருமண உரிமை, வழியுரிமைக் கட்டளைச்சட்டம் சொத்துரிமையிற் பல மாற்றங்களைச் செய்தபோதிலும் மணியோடரை எதிர்பார்த்திருக்கும் பழக்கம் மாறவில்லை.

இவ்விடத்தில் ஒரு முரண்பாடு தோன்றுகின்றது. மலாயாப் பணம் ஒரு வீட்டுப் பெண்ணின் சீதனத்தை உயர்த்தியபோது அயல்வீட்டுப் பெண்ணுக்கும் அதுவே அளவாயிற்று. ஓய்வூதியத்துக்குரிய உத்தியோகத்தன் கிடைத்தற்கரிய மாப்பிள்ளையானான். அவனைப் பெறக் காணி ஈடு வைக்கப்பட்டது. ஈட்டை மீட்க இளையவனும் கப்பலேறினான். அதாவது, ஒருவன் தன் கடமையை நேர்மையாக நிறைவேற்றியதே மற்றொருவனுக்கு நெருக்கடியாயிற்று. பொருளாதார நெருக்கடி எனப்பட்டதில் ஒரு பகுதி மண்ணிலிருந்து தோன்றியதன்று. பல குடும்பங்களின் பொறுப்புணர்வு ஒன்றுசேர்ந்து அதனைத் தோற்றுவித்தது.

மேலும், செல்லலாமா நிற்கலாமா என்ற தெரிவு எல்லோருக்கும் கிடைத்ததன்று. ஈடு வைக்கக் காணியும் படிக்க ஆங்கிலப் பாடசாலையும் உள்ளவருக்கே அது உரியதாயிருந்தது. பாடசாலைகளிற் சமஆசனங் கோரி 1920களின் இறுதியிலும் போராட வேண்டியிருந்த ஒடுக்கப்பட்ட சாதியினருக்கு மலாயா உத்தியோகம் எட்டாக்கனியாகவே பெரும்பாலும் இருந்தது. பெண்களின் பெயரால் இத்தனையும் நிகழ்ந்தபோதும் முடிவெடுக்கும் இடத்திற் பெண்கள் பெரும்பாலும் இருக்கவில்லை.

இவ்வமைப்பின் பலவீனம் விரைவிலேயே வெளிப்பட்டது. 1930களின் தொடக்கத்தில் உலகப் பொருளாதார மந்தத்தால் மலாயாவில் ஆட்குறைப்பு நிகழ்ந்தது. 1942 தொடக்கம் 1945 வரை யப்பானியர் ஆட்சியில் மலாயா இருந்தபோது மணியோடரும் கடிதமும் நின்றன. அதுகாறும் பிறர் கையில் விடப்பட்டிருந்த தோட்டங்களை நோக்கி மீண்டும் திரும்பவேண்டிய நிலை பல குடும்பங்களுக்கு உண்டாயிற்று. 1957இல் மலாயா சுதந்திரமடைந்தபின் அவ்வழி மேலும் ஒடுங்கியது. 1983இன் பின் ஐரோப்பாவுக்கும் கனடாவுக்கும் சென்றோரைப் போரே துரத்தியது. எனினும், அவர்களுட் பலர் அனுப்பிய பணமும் சகோதரியின் சீதனத்தையே தேடி வந்தமை நோக்கத்தக்கது.

இவ்வரலாற்றிற் பொறுப்பு எங்கே தொடங்குகின்றது? சுண்ணக்கல் நிலத்தையோ மழையின்மையையோ ஒரு குடும்பம் மாற்றியிருக்க முடியாது. குடியேற்ற ஆட்சியின் உத்தியோகக் கொள்கையையும் மாற்றியிருக்க முடியாது. ஆனால் சீதனத்தின் அளவை நிர்ணயித்தது மண்ணன்று, கோறணமேந்தும் அன்று. அதனைக் கேட்டோரும் கொடுக்க இசைந்தோரும் மனிதரே. மலாயா சென்ற மகனின் தியாகத்தைப் போற்றும் சமுதாயம், அத்தியாகத்தை அவனிடம் வேண்டிய பேச்சுவார்த்தைகளையும் அதே கண்டிப்புடன் நோக்குதல் வேண்டும். உத்தியோகத்தையும் திருமணத்தையும் இன்னும் ஒரே கணக்கில் எழுதும் குடும்பங்கள் உள்ளவரை இவ்வினா பழைய வரலாற்றுக்கு மட்டும் உரியதாகாது.