கெய்சர் எரியாத காலையும் கால்வாயில் வந்த சவுக்கு விறகும்

போன மார்கழியில் ஒரு காலை, குளியலறையிலிருந்து அம்மா குரல் கொடுத்தாள். "என்னடா, தண்ணி சில்லுனு வருது?" கெய்சரின் சிவப்பு விளக்கு எரியவில்லை. ஸ்விட்சை மறுபடி போட்டேன். டப்பென்று வீடு முழுக்கக் கரண்ட் போனது.

கேளம்பாக்கத்துக் குளிர் ஊட்டிக் குளிர் இல்லைதான். ஆனால் எழுபத்தெட்டு வயது முழங்காலுக்கு அது தெரியாது. அடுப்பில் ஒரு குண்டான் வெந்நீர் வைத்துக் கொடுத்தேன். அப்போது அம்மா சொன்ன ஒரு வார்த்தைதான் இந்தக் கட்டுரைக்குக் காரணம்: "எங்க வீட்டு பாய்லர் ஒருநாளும் இப்படி மக்கர் பண்ணினதில்லை."

குளிருக்குத் தீ மூட்டுவது நமக்குப் புதிதல்ல. பத்துப்பாட்டில் ஒன்றான நெடுநல்வாடையில், கூதிர்காலத்தில் யாரும் குளிர்ந்த நீரைத் தொடாமல் தடவில் நெருப்பிட்டுக் குளிர்காய்கிறார்கள். தடவு என்றால் கணப்புச் சட்டி. அம்மா சொன்ன செப்பு பாய்லரும் அந்த வழியில் வந்ததுதான். நடுவில் ஒரு குழாய், அதற்குள் கரி, சுற்றிலும் தண்ணீர், கீழே சாம்பல் தட்டு, பக்கத்தில் பித்தளைக் குழாய். பாய்லர் இல்லாத வீட்டில் வெந்நீர் அடுப்பும் அண்டாவும்.

அந்த அடுப்பில் எரிந்தது பெரும்பாலும் சவுக்கு. சவுக்கு நம்மூர் மரமே அல்ல. ஆஸ்திரேலியாவும் தென்கிழக்காசியாவும் அதன் தாயகம். 1856இல் ராயபுரத்திலிருந்து வாலாஜா ரோடு வரை ரயில் ஓடத் தொடங்கிய பிறகு எஞ்சினுக்கு விறகு தேவைப்பட்டது, வளர்ந்துவந்த மதராஸ் நகரத்து அடுப்புகளுக்கும் தேவைப்பட்டது. செங்கல்பட்டுக் கடற்கரை மணலில் சவுக்குத் தோப்புகள் பெருகியதன் பின்னணி இதுதான்.

அந்த விறகு நகரத்துக்குப் போன வழிகளில் ஒன்று எங்கள் ஊருக்குக் கிழக்கே இருக்கும் பக்கிங்காம் கால்வாய். 1876–78 பஞ்சத்தில் கூலிக்கு மண் சுமந்தவர்களின் உழைப்பும் அதில் இருக்கிறது. 1878இல் அன்றைய கவர்னர் பக்கிங்காம் பிரபுவின் பெயர் வைக்கப்பட்டது. விறகும் உப்பும் அதில் படகேறி மதராஸ் போயின. 1965, 1966 புயல்களுக்குப் பிறகு போக்குவரத்து ஏறக்குறைய நின்றே போனது. இன்று கோவளம் சாலையில் போனால் உப்பளம் தெரியும், கால்வாய் தெரியும், படகு தெரியாது.

சரி, கெய்சருக்கு வருவோம். ஐஸ்லாந்தில் வெந்நீரைப் பீய்ச்சியடிக்கும் ஓர் ஊற்றின் பெயர் கெய்சிர். 1868இல் லண்டனில் பெஞ்சமின் மாகன் என்பவர் தன் எரிவாயு வெந்நீர்க் கருவிக்கு அந்தப் பெயரைச் சூட்டினார். அதில் புகைபோக்கியும் கிடையாது, தானாக நிற்கும் ஏற்பாடும் கிடையாது. 1889இல் அமெரிக்காவின் பிட்ஸ்பர்க்கில் எட்வின் ரூட் தானாக இயங்கும் தொட்டி ஹீட்டரைக் கொண்டுவந்தார். சூட்டைப் பார்த்து இணைப்பைத் துண்டிக்கும் தெர்மோஸ்டாட் இன்னும் பழசு. ஸ்காட்லாந்து வேதியியலாளர் ஆண்ட்ரூ யூர் அதற்கு 1830இல் காப்புரிமை பெற்றார். இந்தக் கருவியின் வரலாற்றில் பாதி, தண்ணீரைச் சுட வைத்த கதை. மீதிப் பாதி, ஆபத்து வந்தால் நிறுத்தக் கற்றுக்கொண்ட கதை.

அன்று எனக்கு அந்த இரண்டாம் பாதி புரியவில்லை. பக்கத்து வீட்டுக்காரர் வந்து, "அந்த ஈஎல்சிபியை விட்டுட்டு நேரா கனெக்‌ஷன் குடுங்க சார், ஓடும்" என்றார். நானும் சரி என்றேன். எலக்ட்ரீஷியன் தம்பி கேட்கவில்லை. "அம்மா குளிக்கிற தண்ணி சார் அது" என்றார். அதற்கு மேல் நான் பேசவில்லை.

மெயினை அணைத்துவிட்டு, எலிமென்ட்டுக்குப் போகும் இரண்டு ஒயரையும் கழற்றி, முனைகளுக்கு டேப் சுற்றிவிட்டு, மறுபடி கரண்ட் கொடுத்தார். ஈஎல்சிபி விழவில்லை. அப்போ கோளாறு ஒயரிங்கில் இல்லை, தெர்மோஸ்டாட்டில் இல்லை, எலிமென்ட்டில்தான். தண்ணீரை வடித்து வெளியே எடுத்தபோது சுண்ணாம்பில் முக்கிய முருங்கைக்காய் மாதிரி இருந்தது.

எங்கள் போர்வெல் தண்ணீர் அவ்வளவு கடினம். சூடாகும்போது கால்சியம் உப்பு எலிமென்ட் மேல் படிகிறது. படிந்த ஓடு, சூடு தண்ணீருக்குப் போகவிடாமல் தடுக்கிறது. உள்ளே எலிமென்ட் அளவுக்கு மீறிக் காய்ந்து, மேலுறை விரிசல் விடுகிறது. அதன் வழியே ஈரம் புகுந்தால் மின்சாரம் தண்ணீரையும் தொட்டியையும் தேடி வரும். வீட்டுக்கான ஈஎல்சிபி 30 மில்லி ஆம்பியர் கசிவிலேயே இணைப்பைத் துண்டித்துவிடும். கெய்சர் எரியாததால்தான் அன்று அம்மாவுக்கு ஒன்றும் ஆகவில்லை.

பழைய பாய்லர் கெட்டால் கண்ணுக்குத் தெரியும்: புகையும், ஒழுகும். கெய்சர் வெளியே வெள்ளை வெளேரென்று இருந்துகொண்டே உள்ளே கெடும். அதனால் எங்கள் மாதிரிக் கடலோரத் தண்ணீர்க்காரர்களுக்கு ஒரு வார்த்தை. வருஷத்துக்கு ஒருமுறை ஆளை விட்டுத் திறந்து பாருங்கள், எலிமென்ட்டோடு ஆனோடு கம்பியையும் சேர்த்து. ஸ்விட்ச் போட்டதும் ஈஎல்சிபி விழுந்தால் திரும்பத் திரும்பத் தூக்கிவிடாதீர்கள்.

புது எலிமென்ட் போட்டாயிற்று. அம்மா மட்டும் இன்னமும், ஸ்விட்சை அணைத்துவிட்டு, விளக்கு அணைந்ததை என்னைப் பார்த்துச் சொல்லச் சொல்லித்தான் குழாயைத் திறக்கிறாள். சரியான பழக்கம்தான்.