முன்னோர் குரலை நாமே காப்போம்

கல்லில் பொறித்தவர் பெயர் நின்றது. ஏட்டில் எழுதியவர் கருத்து நின்றது. வாயால் பேசியும் பாடியும் வாழ்ந்து மறைந்தோரின் வரலாறோ காற்றோடு கலந்தது. எழுத்து நெடுங்காலம் மறுக்கப்பட்ட நம் மக்களின் அறிவு நாவிலும் செவியிலுமே வாழ்ந்தது. ஆதலின், ஒலிப்பதிவின் வரலாறு நமக்கு வெறும் பொறியியல் செய்தியன்று.

1877இல் எடிசன் போனோகிராப் கருவியைக் கண்டார். பத்தாண்டுகட்குப் பின் பெர்லினர் என்பார் தட்டை வடிவான இசைத்தட்டுக்கு வழி வகுத்தார். 1902இல் கிராமபோன் நிறுவனத்தார் கல்கத்தாவிற்கு வந்து கௌஹர் ஜான் முதலியோரின் பாடல்களைப் பதிவு செய்தனர். அரக்குக் கலவையாலான அத்தட்டுகள் நிமிடத்திற்கு 78 முறை சுழன்று, பக்கத்திற்கு மூன்று நிமிட அளவே பாடின. தட்டு அச்சிட ஆலை வேண்டும். எவர் குரல் தட்டில் ஏற வேண்டும் என்பதை ஆலையுடையோரே முடிவு செய்தனர்; விலைபோகும் குரலையே நாடினர்.

1963இல் பிலிப்ஸ் நிறுவனம் கேசட்டை வெளியிட்டது. 1980களில் அது நம் நாட்டில் மலிந்தபோது நிலை மாறிற்று. ஆலை வேண்டியதில்லை, பொத்தானை அழுத்தத் தெரிந்தால் போதும். மகாராட்டிரத்தில் அண்ணல் அம்பேத்கரைப் பாடும் பீம் கீதங்கள் கேசட்டுகளில் ஊர்தோறும் சென்றன. நம் குடியிருப்புகளிலும் கூட்டப் பேச்சுகள், மூதாட்டியரின் ஒப்பாரி, பறையிசை ஆகியன கேசட்டுகளில் ஏறின.

அண்ணல் 1955இல் பி.பி.சி.க்கு அளித்த பேட்டியை இன்றும் அவர் குரலிலேயே கேட்கிறோம். நம் ஊர்ப் பெரியவர்களின் குரலுக்கோ பரண்மேல் கிடக்கும் அட்டைப்பெட்டியே காப்பகம். ஈரத்தால் நாடா பூசணம் பிடிக்கும், வெப்பத்தால் சுருங்கும். 90 நிமிடக் கேசட்டின் நாடா, 60 நிமிட நாடாவைவிட மெல்லியது, எளிதில் சிக்கும். நாடா கெடுமுன் அதனைக் கணினியில் ஏற்றுதல் நம் கடமையாகும்.

முதற்கண், கேசட்டின் பின் விளிம்பிலுள்ள இரு சிறு பிளாஸ்டிக் தக்கைகளையும் ஒடித்துவிடுக. தவறியும் பழைய பதிவு அழியாது. நாடாவை ஒருமுறை கடைசிவரை ஓட்டி, மீண்டும் சுற்றுக. டேப் ரிக்கார்டரின் ஹெட்டைப் பஞ்சில் ஸ்பிரிட் தொட்டுத் துடைத்து, உலரவிடுக. ஆயின், 78 சுழற்சித் தட்டில் ஸ்பிரிட் படலாகாது. அது அரக்கைக் கரைத்துவிடும். அத்தட்டிற்கு அகன்ற முனையுள்ள தனி ஊசியும் வேண்டும்.

ஸ்பீக்கர் முன் கைப்பேசியைப் பிடித்துப் பதிந்தால் தெரு ஓசையும் சேரும். டேப் ரிக்கார்டரின் லைன் அவுட் துளையிலிருந்து, யு.எஸ்.பி. ஒலிக்கருவி வழியாகக் கணினியுடன் இணைத்தலே முறை. ஆடாசிட்டி என்னும் மென்பொருள் இலவசமாகவே கிடைக்கிறது. நொடிக்கு 44,100 மாதிரிகள், 16 பிட் என்ற அளவில் வேவ் கோப்பாகச் சேமித்தால் ஒரு மணி நேரப் பதிவு சுமார் 635 மெகாபைட் ஆகும். 64 ஜிகாபைட் பென் டிரைவில் ஏறக்குறைய நூறு மணி நேரம் அடங்கும். பிறருக்கு அனுப்ப எம்.பி.3 போதும், மூலமாக வைக்க அது ஆகாது. இரைச்சலை நீக்க விழைவோர் நகலில் நீக்குக, முதற்பதிவைத் தொடற்க.

ஒரு மணி நேரக் கேசட்டிற்கு ஒரு மணி நேரம் வேண்டும். இதில் குறுக்குவழி இல்லை. அந்நேரத்தில் வீட்டுப் பெரியவரை அருகமர்த்தி, பேசுவது யார், எந்த ஊர், எந்த ஆண்டு என்று கேட்டு எழுதுக. பெயரற்ற குரல் வரலாறாகாது. கோப்பினை மூன்று படிகளாக்கி, ஒன்றை வேறோர் இல்லத்தில் வைத்திடுக.

இளைஞர்காள்! நாடா கெட்டாலும் கேட்க இயலாது. குரலை அடையாளங் காட்டுவோர் மறைந்தாலும் கேட்டுப் பயனில்லை. இரண்டும் நம்மிடம் இருக்கும் காலம் இதுவே. நம் வரலாற்றைப் பிறர் எழுதுவரெனக் காத்திராது, நம் இல்லத்துக் கேசட்டிலிருந்தே தொடங்குவோமாக.