காய்கள் எஞ்சின, ஆட்டங்கள் எங்கே?

அப்பாசியக் கலீபா முக்தபீயின் அவையில் (902–908) மாவர்தீ என்றொரு சதுரங்க வித்தகர் இருந்தார். கலீபாவின் நெஞ்சுக்கு நெருக்கமானவர். அவருக்கு எதிரே அபூபக்ர் முஹம்மது இப்னு யஹ்யா அஸ்ஸூலீயை அமர்த்தியபோது, கலீபா வெளிப்படையாகவே மாவர்தீயின் பக்கம் நின்று ஊக்கமூட்டினார். இதனால் ஸூலீ முதலில் சற்றுத் தடுமாறினார். பின்னர் தம்மைத் திரட்டிக்கொண்டு, எவரும் மறுக்கவொண்ணாத வெற்றியைப் பெற்றார். ‘மாஉல் வர்து’ என்றால் பன்னீர். தோற்றவரின் பெயரை வைத்துக் கலீபா அப்போது சொன்ன சிலேடையை வரலாற்றாசிரியர் மஸ்ஊதீ பதிவு செய்திருக்கிறார். குடும்பத்தார் அனைவரும் படிக்கும் இவ்விதழில் அதை எழுதுவதற்கில்லை.

சிலேடை நமக்குக் கிடைத்தது, ஆட்டம் கிடைக்கவில்லை. எவர் எந்தக் காயை முதலில் நகர்த்தினார், தடுமாற்றம் எந்தக் கட்டத்தில் நேர்ந்தது, திருப்பம் எப்போது வந்தது என்பதையெல்லாம் மஸ்ஊதீ எழுதவில்லை. அவர் ஆட்டத்தைக் காட்டிலும் அவையையே கண்டவர். சதுரங்க வரலாறு முழுவதையும் இந்த ஒரு நிகழ்ச்சியில் கண்டுகொள்ளலாம் என்பது எம் கருத்து. ஆடியவர் பெயர் இருக்கும், அரசர் பெயர் இருக்கும், காய்களும் எங்கேனும் மண்ணுக்குள் இருக்கும். காய்கள் நடந்த வழி மட்டும் இராது.

மதரஸா ஆசிரியர் ஒருவர் சதுரங்கம் பற்றி எழுதப் புகுந்தால், ‘இது ஆகுமானதா?’ என்ற கேள்வியே முதலில் எழும். இமாம் ஷாபிஈ (ரஹ்) அவர்களின் மத்ஹபில் பந்தயமும் தொழுகை தவறுதலும் சேராதவரை மக்ரூஹ் என்ற அளவில் நிற்கிறது. ஹனபீ உள்ளிட்ட ஏனைய மத்ஹபுகளில் தீர்ப்பு கடுமையானது. தாபிஈன்களில் ஒருவரான ஸயீத் இப்னு ஜுபைர் (ரஹ்) பலகைக்குப் புறங்காட்டி அமர்ந்து, காய்களைப் பாராமலே ஆடினார் என்ற செய்தியும் உண்டு. பத்வா வழங்குவது இக்கட்டுரையின் நோக்கமன்று. வரலாற்றுக்கு வருவோம்.

இந்தியாவின் சதுரங்கம் பாரசீகத்தில் ‘சத்ரங்’ ஆகி, அரபியில் ‘ஷத்ரஞ்சு’ ஆயிற்று. ஷா, பிர்ஸான், பீல், பரஸ், ருக், பைதக் என ஆறு வகைக் காய்கள். பிர்ஸான் என்ற மந்திரி குறுக்கே ஒரே ஒரு கட்டம்தான் போவார். இன்றைய ராணியின் பாய்ச்சல் அவருக்கில்லை. பீல் என்ற யானை குறுக்கே இரண்டாம் கட்டத்துக்குத் தாவும். ஸ்பெயின் நாட்டார் அந்த இடத்தில் நிற்கும் காயை இன்றும் ‘அல்பில்’ என்றே அழைக்கின்றனர். யானை உருவம் போயிற்று, யானையின் பேரறிவும் போயிற்று, அரபியின் ‘அல்’ மட்டும் ஒட்டிக்கொண்டு நிற்கிறது!

காய்களின் கதை வியப்பானது. 1977ஆம் ஆண்டு சமர்கந்தின் பழைய நகரமான அப்ராஸியாபில் தோண்டியபோது ஏழு தந்தக் காய்கள் கிடைத்தன. அவை கி.பி. 7ஆம், 8ஆம் நூற்றாண்டுகளைச் சார்ந்தவை என ஆய்வாளர் கருதுகின்றனர். வீரரும் விலங்குமாக உருவம் கொண்டவை. பின்னர் முஸ்லிம் நாடுகளில் காய்கள் உருவம் துறந்தன. நைசாப்பூரில் 12ஆம் நூற்றாண்டில் செய்த, மெருகிட்ட மண்காய்த் தொகுதி ஒன்று நியூயார்க் மெட்ரோபாலிடன் அருங்காட்சியகத்தில் ஏறத்தாழ முழுமையாக உள்ளது. ஒரு பக்கம் நீலப்பச்சை, மறு பக்கம் கருஞ்செந்நீலம். ஷா என்பது அரியணை போன்ற ஒரு வடிவம். பிர்ஸான் அதனினும் சிறிய அரியணை. யானைக்குத் தந்தங்களைக் குறிக்கும் இரண்டு புடைப்புகள். குதிரைக்கு மூக்குப் போல் ஒன்று. ருக் என்பதன் உச்சியில் ஒரு பிளவு. உயிருருவம் செய்வதை மார்க்கம் விரும்பாததே காரணம் என்பர் ஒருசாரார். கடைசலில் எளிதாகவும் மலிவாகவும் செய்யலாம் என்பதே காரணம் என்பர் வேறுசிலர். இரண்டும் சேர்ந்தே இருந்திருக்கும் என்பதே நமக்குப் பொருத்தமாகப் படுகிறது.

ஸ்காட்லாந்தின் லூயிஸ் தீவில் 1831இல் கிடைத்த புதையல் உலகறிந்தது. கடற்பசுவை ஒத்த வால்ரஸ் என்னும் விலங்கின் தந்தத்தில், 12ஆம் நூற்றாண்டில் செதுக்கியவை. மொத்தம் 93 பொருள்கள். அவற்றுள் 82 லண்டன் அருங்காட்சியகத்துக்கும் 11 ஸ்காட்லாந்து அருங்காட்சியகத்துக்கும் உரியவை. அத்தொகுதியைச் சார்ந்த இன்னொரு காயை 1964இல் எடின்பரோவின் பழம்பொருள் வணிகர் ஒருவர் 5 பவுனுக்கு வாங்கினார். இன்னதென்று அறியாமல் அவர் குடும்பத்தார் அதை மேசை இழுப்பறையில் போட்டு வைத்திருந்தனர். 2019இல் அது 7,35,000 பவுனுக்கு ஏலம் போயிற்று.

நம் நாட்டில், கம்பெனி ஆட்சிக் காலத்தில், வங்காளத்தின் பெர்ஹாம்பூரில் தந்தத்தில் படையணிகளாகச் செதுக்கிய காய்களும் இன்று அருங்காட்சியகங்களில் பத்திரமாக உள்ளன. ஒன்றைக் கவனிக்க வேண்டும். அழகுக்காகச் செய்து அலமாரியில் வைத்தவையே பெரும்பாலும் எஞ்சின. திண்ணையில் நாள்தோறும் ஆடித் தேய்ந்த மரக்காய்கள் அடுப்புக்குப் போயின. ஆட்டத்தை அதிகம் கண்ட காய்களே முதலில் அழிந்தன.

இனி எழுத்துக்கு வருவோம். எழுதவேண்டும் என்ற உணர்வு அரபு மக்களிடம் இல்லாமற் போகவில்லை. கலீபா முதவக்கிலின் (847–861) முன்னிலையில் அர்ராஸீயிடம் தோற்ற அல்அத்லீ, சதுரங்கத்துக்கென ஒரு நூல் இயற்றினார். அர்ராஸீயும் எழுதினார். ஸூலீ எழுதினார். ஸூலீயின் மாணவர், ‘திக்குவாயர்’ என்று பொருள்படும் அல்லஜ்லாஜ் என்ற பட்டப்பெயரால் அறியப்பட்டவரும் எழுதினார். இவர்களையெல்லாம் இப்னு நதீம் 987இல் எழுதிய ‘பிஹ்ரிஸ்த்’ என்ற நூற்பட்டியலில் வரிசைப்படுத்தியிருக்கிறார். மூல நூல்கள் பல மறைந்தன. ஆயினும், பின்வந்தோர் அவற்றிலிருந்து எடுத்துத் தொகுத்த கையெழுத்துப் பிரதிகள் எஞ்சியுள்ளன. அவற்றுள் ஒன்று 1140இல் படியெடுத்தது, இஸ்தான்புல்லில் உள்ளது.

அந்நூல்கள் காத்துத் தந்தவை எவை? ஒன்று, ‘தஅபியா’ எனப்படும் தொடக்க அணிவகுப்பு. மற்றொன்று, ‘மன்ஸூபா’ எனப்படும் இறுதிநிலைப் புதிர். அதாவது, தொடக்கமும் முடிவும் காத்தார்கள். நடுவில் நிகழ்ந்த போரைக் காக்கவில்லை. புதிர் மாணவனுக்குப் பாடம் ஆகும். சாதாரண ஆட்டம் பாடம் ஆகாது என்ற எண்ணம் போலும். புதிர்களிலும் ஓர் அதிசயம் உண்டு. இரு பக்கமும் ஷாவும் பிர்ஸானுமாக நான்கே காய்கள் நிற்கும் நிலை ஒன்றை ஸூலீ விட்டுச் சென்றார். தாம் கற்பித்தவரன்றி எவரும் இதை விடுவிக்கவியலாது என்பது அவர் கூற்று. ஆயிரம் ஆண்டுகள் கழித்து, 1980களில், ரஷ்ய வித்தகர் யூரி அவர்பாக் அதற்கு விடை கண்டார். தாளில் எழுதி வைத்ததால் அல்லவா இந்த உரையாடல் ஆயிரம் ஆண்டுகளுக்கு அப்பாலும் நடந்தது?

ஸூலீ வெறும் ஆட்டக்காரர் அல்லர். அபூதம்மாம் முதலிய கவிஞர்களின் பாடல்களைத் தேடித் தொகுத்தவர். கலீபாக்களின் வரலாறு எழுதியவர். பிறர் எழுத்தைக் காத்த கை அது. சதுரங்க நிலைகளையும் அதே கை காத்தது தற்செயலன்று. கலீபா ராளீயின் மறைவுக்குப் பின் அவர் செல்வாக்கு இழந்தார். பக்தாதை விட்டுச் சென்று பஸ்ராவில் மறைந்து வாழ்ந்து, ஏறத்தாழ 946இல் காலமானார்.

இந்த அரபுப் பிரதிகளை உலகுக்குத் திறந்து காட்டியவர் எச்.ஜே.ஆர். மரே என்ற ஆங்கிலேயப் பள்ளி ஆசிரியர். சதுரங்க வரலாறு எழுத வேண்டும் என்பதற்காகவே அரபி கற்றார். 1913இல் அவர் நூல் வெளிவந்தது. அரபியைத் தொழிலாகக் கற்ற எம்போன்றோர் இதைக் கேட்டுச் சற்று நாணத்தான் வேண்டும்.

பக்தாதில் நிகழாதது சென்னையில் நிகழ்ந்தது. 1828, 1829ஆம் ஆண்டுகளில் சென்னைக்கும் ஹைதராபாதுக்கும் இடையே கடித வழியில் ஒரு சதுரங்கப் போட்டி நடந்தது. இரயிலும் தந்தியும் இல்லாத காலம். ஒரு காய் நகர்ந்த செய்தி தபாலில் போய், பதில் தபாலில் வரவேண்டும். சென்னையின் சார்பில் ஆடியவர் குலாம் காஸிம் என்ற முஸ்லிம் அன்பர். சென்னை சிவில் சர்வீஸைச் சார்ந்த ஜேம்ஸ் காக்ரேனுடன் சேர்ந்து, 1829இல் சென்னையிலேயே ஒரு நூல் அச்சிட்டார். குதிரையைப் பலிகொடுத்துத் தாக்கும் ‘மூஸியோ’ என்ற தொடக்க முறையின் ஆராய்ச்சியும், ஹைதராபாத் போட்டியின் இரண்டு ஆட்டங்களும் அதில் இடம்பெற்றன. ஐந்தாம் நகர்த்தலில் கோட்டை கட்டாமல், ராணியின் எதிரே நிற்கும் சிப்பாயை இரண்டு கட்டம் முன்தள்ளும் முறைக்கு உலகச் சதுரங்க நூல்கள் இன்றும் குலாம் காஸிம் பெயரையே வழங்குகின்றன. அவர் 1844இல் காலமானார். அவருடைய ஆட்டம் நின்றதற்குக் காரணம் திறமை மட்டுமன்று. கடிதத்தில் ஆடும் ஆட்டம் ஆடும்போதே எழுத்தாகிவிடுகிறது! நேரில் ஆடிய ஆட்டங்களுக்கு அந்தப் பாக்கியம் இல்லை.

நேரில் ஆடியவை நிற்பதற்கு இன்னொருவர் எழுத வேண்டும். கல்கத்தாவில் மகேஷ்சந்திர பானர்ஜி என்ற அந்தணர் அப்படியொருவரைப் பெற்றார். ஜான் காக்ரேன் (முன்னவர் வேறு, இவர் வேறு) என்ற வழக்கறிஞர் 1840களின் இறுதியில் அவரைக் கண்டு, அவருடன் ஆடிய ஆட்டங்களைக் குறித்து லண்டன் இதழ்களுக்கு அனுப்பினார். அவ்வாறு நூற்றுக்கணக்கானவை எஞ்சின. நடுச் சிப்பாய்களை உடனே முன்தள்ளாமல் ஓரத்திலிருந்து தாக்கும் அவர் முறையே ‘இந்தியன்’ என்ற பெயருடன் இன்று உலக வாகையர் ஆடும் முறைகளுக்கு மூலமாயிற்று.

பஞ்சாபின் மிட்டா திவானா ஊரைச் சார்ந்த மீர் சுல்தான் கானின் கதை பலர் அறிந்தது. நவாப் உமர் ஹயாத் கானுடன் இங்கிலாந்து சென்று, 1929, 1932, 1933 ஆகிய ஆண்டுகளில் பிரிட்டிஷ் வாகையர் ஆனார். ஹேஸ்டிங்ஸ் போட்டியில் கபபிளாங்காவை வென்றார். அதே நவாபின் இல்லத்தில் பணிபுரிந்த பாத்திமா என்ற பெண்மணி 1933இல் பிரிட்டிஷ் பெண்கள் வாகையர் ஆனார். 1966இல் காலமான சுல்தான் கானுக்கு உலகச் சதுரங்கக் கூட்டமைப்பு 2024இல்தான் கௌரவ கிராண்ட்மாஸ்டர் பட்டம் அளித்தது. நூல்கள் பேசும் சுல்தான் கான், பெரும்பாலும் அந்த ஐந்தாண்டுச் சுல்தான் கானே. தந்தையிடம் கற்று ஊரில் ஆடிய இளைஞரையும், நிலம் பார்த்துக்கொண்டு ஊரில் இருந்த முதியவரையும் காகிதம் அறியாது.

அப்படியானால், ஒரு பட்டமும் பெறாத எளிய ஆட்டக்காரர் நிலை என்ன? எம் பழைய மாணவர் ஒருவரின் தந்தையார், கடை வைத்திருந்தவர், நாற்பது ஆண்டுகள் ஊர்ப் போட்டிகளில் ஆடியவர். தம் ஆட்டங்களை நீண்ட கணக்குப் புத்தகங்கள் நான்கில் எழுதி வைத்திருந்தார். அவர் மறைவுக்குப் பின் வீடு மாறும்போது மூன்று புத்தகங்கள் பழைய பேப்பர் கடைக்குப் போய்விட்டன. நான்காவது, ஜக்காத் கணக்கும் அதே புத்தகத்தின் பின்பக்கத்தில் இருந்ததால் தப்பியது. ஓர் ஆட்டத்தின் கீழே ‘மஃரிபுக்கு பாங்கு சொல்லிவிட்டது, சமநிலை’ என்று எழுதியிருந்தது. எந்த வாகையரின் நூலில் இப்படி ஒரு வரி கிடைக்கும்? ஓர் ஊர், ஒரு மாலைப் பொழுது, இருவர் நட்பு எல்லாம் அதில் இருக்கின்றன. நம் முன்னோரின் அரபுத்தமிழ் ஏடுகளைக் கறையான் தின்றபோதும், வீட்டார் அவற்றைக் ‘கணக்கு’ என்றே எண்ணியிருந்தனர்.

2022இல் மாமல்லபுரத்தில் ஒலிம்பியாட் நடந்தது. இப்போது பெரும் போட்டிகளில் மின்பலகை தானே ஆட்டத்தைப் பதிவு செய்கிறது. கடைசி மேசையில் ஆடும் சிறுவனுக்கு அந்தப் பலகை இல்லை. அவன் எழுதும் ஸ்கோர் ஷீட்டின் நகல் பெரும்பாலும் கார்பன் இல்லாமலே பதியும் தாளில் எடுப்பது; வெளிச்சத்தில் வைத்தால் சில ஆண்டுகளில் வெளிறிவிடும். வெள்ளைத்தாளில் மீண்டும் எழுதி வைப்பதோ, படம் பிடித்து வைப்பதோ நலம். இருவர் பெயரும், ஊரும், நாளும் மேலே இருக்க வேண்டும். அவை இல்லாத ஆட்டம் முகவரியில்லாத கடிதம் போன்றது.

பழைய புத்தகங்களில் இன்னொரு சிக்கல் உண்டு. 1980களுக்கு முன் நம் நாட்டார் பலர் ‘பி-கே4’ என்று ஆங்கில முறையில் எழுதினர். ராஜாவின் எதிரே நிற்கும் சிப்பாய் நான்காம் கட்டத்துக்குப் போனது என்று பொருள். இன்றைய பிள்ளைகள் அதையே ‘இ4’ என்கின்றனர். பழைய முறையில் ஒவ்வொருவரும் தம் பக்கத்திலிருந்தே கட்டங்களை எண்ணுவர்; ஆகவே கருப்பர் எழுதும் நான்கும் வெள்ளையர் எழுதும் நான்கும் வெவ்வேறு இடங்கள். உலகக் கூட்டமைப்பு 1981இல் அம்முறையைக் கைவிட்டது. அதைத் தயக்கமின்றிப் படிக்க வல்லவர்கள் இப்போது எழுபதைக் கடந்த பெரியவர்கள். மேற்சொன்ன நான்காவது புத்தகத்தை அத்தகைய ஒருவர் அருகில் அமர்ந்து வாசிக்க, அக்கடைக்காரரின் பேரன் புதிய முறையில் எழுதிக்கொண்டு வருகிறான். இதுவரை அறுபத்திரண்டு ஆட்டங்கள் ஆகியுள்ளன.